இடதுகைக்காரனுக்கு ஒரு துப்பாக்கி

லூயிஸ்டவுன், மொன்டானா
நவம்பர் 9, 2014

அன்புள்ள ரஃபா,

டேனின் அம்மா வெர்னா எழுதுகிறேன். இங்கே நானும் அவன் அப்பா ஆர்லோவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே தெற்கே சோக்கோரோவில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. எண்ணை மாற்றிவிட்டாயோ, மணிச்சத்தமே பிடிக்காமல் போய்விட்டதோ தெரியாது. கடிதத்துக்கு மணி கிடையாது. உனக்குத் தோன்றும்போது பிரித்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் பனி முந்திக்கொண்டது. கன்றுகளை விற்று அனுப்பியாயிற்று. ஆர்லோவின் முழங்கால் குளிருக்கு மடங்க மறுக்கிறது. ஆனாலும் தீவனம் போட நான் போகிறேன் என்றால் விடுவதில்லை. "நான் உக்காந்தா அப்புறம் எந்திரிக்க மாட்டேன்டி" என்கிறார். அது முழங்காலைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டேனின் அடக்கத்துக்கு நீ வந்தபோது உன்னோடு சரியாகப் பேச முடியவில்லை. தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றாய். சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே இறங்கியபோது உன் லாரியைக் காணோம். வாசலில் உங்கள் ஊர்ப் பக்கத்து வறுத்த பச்சை மிளகாய் ஒரு பை இருந்தது. நீதான் வைத்திருப்பாய். இந்த ஊரில் வேறு யாருக்கும் அது தோன்றாது.

இங்கே ஊரார் அதை 'விபத்து' என்கிறார்கள். பாதிரியாரும் அப்படித்தான் சொன்னார். நான் சொல்வதில்லை. என் மகன் போரிலிருந்து முழு உடம்போடு திரும்பி வந்து, எங்கள் வைக்கோல் கொட்டகையில் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். உனக்கு எழுதும்போது வேறு வார்த்தை தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆர்லோ ஒரு துப்பாக்கி செய்யச் சொல்லியிருக்கிறார்.

எனக்குத் துப்பாக்கி புதிதல்ல. கல்யாணமான வருடம் நானே சுட்ட எல்க் மானின் இறைச்சியில்தான் எங்கள் குளிர்காலம் ஓடியது. ஆனால் டேன் போன மறுநாளே வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பக்கத்துப் பண்ணை ஃபென்டனிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆர்லோ தடுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கொக்கிகளைக்கூட அவரே கழற்றினார். அப்படிப்பட்டவர் போன மாதம் காலை உணவின்போது, முட்டையைக் கிளறிக்கொண்டே, "மிர்னாகிட்ட ஒண்ணு செய்யச் சொல்லப் போறேன். வீட்டுக்கு வராது. அவ கடையிலயே இருக்கும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

மிர்னா டோகர்ட்டை உனக்குத் தெரிந்திருக்காது. ஊருக்கு வெளியே கடை வைத்திருக்கிறாள். குழலும் உடலும் தனித்தனியாக வாங்கி, கேட்பவரின் அளவுக்குப் பொருத்தித் தருபவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது. நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

ஆர்லோ கேட்டது மான் வேட்டைத் துப்பாக்கி அல்ல. படையில் தொலைவில் மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர்கள் வைத்திருந்த மாதிரிகளில் ஒன்று வேண்டுமாம். எது என்று மட்டும் முடிவு செய்ய முடியவில்லை. ஒன்று எம்-21. இளம் வயதில் போருக்குப் போனபோது, மீகாங் டெல்டாவில் அவரே சுமந்தது. மர உடல், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். இன்னொன்று அதே காலத்து மரைன் படையினரின் எம்-40. அதுவும் மரம்தான், ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். மூன்றாவது, அதே எம்-40 பல வருடம் மாறி மாறி உன் கைக்கும் டேன் கைக்கும் வந்த வடிவம். பச்சை நாரிழை உடல், தடித்த குழல், குறிபார்க்கப் பெரிய கண்ணாடி. ஆர்லோ முதல் வாரம் மரம் என்றார். மறுவாரம் பச்சை என்றார். பிறகு மறுபடி மரம். மிர்னா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யோவ் ஆர்லோ, என் தங்கச்சி கல்யாண கவுனைக்கூட இதைவிடச் சீக்கிரம் எடுத்துட்டா. நீ எதைச் சுடப் போறேன்னு சொல்லு, எது வேணும்னு நான் சொல்றேன்" என்றாள். ஆர்லோ, "எதையும் சுடப் போறதில்லை" என்றார்.

மறுநாள் மிர்னா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வழக்கமான கேலி குரலில் இல்லை. "வெர்னாக்கா, உன் புருஷன் சோத்துக்கையாலதானே சுடுவாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இடதுகைக்காரனுக்குப் போல்ட் வைக்கச் சொல்லியிருக்காரு. உடல் நீளமும் அவர் கைக்குப் பொருந்தாது. ரொம்ப நீளம். யாரோ ஆறடிக்கு மேல இருக்கறவனோட அளவு" என்றாள்.

அது யாருடைய அளவு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படையில் அவனுக்கு இடதுகைத் துப்பாக்கி கொடுக்கவே இல்லை என்றும், வலதுகை போல்ட்டை மேலே கை நீட்டி எட்டி இழுத்துப் பழகினான் என்றும், அதை வைத்து நீ அவனைக் கேலி செய்வாய் என்றும் டேன் சொல்லியிருக்கிறான். "ரஃபா என்னை நண்டுங்கறான்மா" என்று சிரிப்பான்.

மிர்னாவிடம் வேலையை மெதுவாகச் செய் என்று சொல்லியிருக்கிறேன். இறந்துபோன பிள்ளையின் கைக்கு அளவெடுக்கும் மனிதனை நான் என்ன செய்ய, ரஃபா? தடுப்பதா, விடுவதா? நீ அவன் பக்கத்தில் படுத்திருந்தவன். அவனுக்குக் கண்ணாக இருந்தவன். ஆர்லோவிடம் நீ பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. கிறிஸ்துமஸுக்கு வா. டேனின் அறை வேண்டாம் என்றால் அடுப்புக்குப் பக்கத்தில் சோபா இருக்கிறது.

உன் நலத்தைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
வெர்னா ஹால்வர்சன்


லூயிஸ்டவுன்
பிப்ரவரி 17, 2015

அன்புள்ள ரஃபா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. ஆர்லோ கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ இதைப் படிக்கிறாய் என்றால் அவர் உன் வீட்டு வாசலில் நிற்கிறார். அவரை நிற்க வைத்துக்கொண்டே படி. அவருக்கு அவசரம் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையில் 'வர முடியவில்லை, மன்னியுங்கள்' என்று எழுதியிருந்தாய். மன்னிக்க ஒன்றும் இல்லை என்று அப்போதே பதில் போட்டேன். வந்து சேர்ந்ததா தெரியாது.

நேற்று மிர்னா எங்களைக் கூப்பிட்டாள். "இன்னைக்கு முடிவு பண்ணு, இல்லேன்னா நான் பாட்டுக்கு ரோஜாப்பூ வரைஞ்சு குடுத்துருவேன்" என்று ஆர்லோவை மிரட்டினாள். கடைக்குப் பின்னால் ஒரு மேடு. அங்கே மேசை போட்டு, மணல் மூட்டைகளின்மேல் கண்ணாடிகளை மட்டும் வைத்திருந்தாள். துப்பாக்கி எதுவும் இல்லை. "உடலும் குழலும் கிடக்கட்டும். நீ எதுக்குள்ள பாக்கப் போறேங்கறதுதான் கேள்வி. பாத்துட்டுச் சொல்லு" என்றாள்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஃபென்டன் மாடுகளுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி. ஆர்லோ முதலில் தன் காலத்துக் கண்ணாடியில் பார்த்தார். "ஆளுன்னு தெரியுது. அவ்வளவுதான். எங்களுக்கு இப்படித்தான் தெரிஞ்சாங்க" என்றார். நாற்பத்தைந்து வருடத்தில் அவர் அந்த இடத்தைப் பற்றி என் காதுபட இவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை.

பிறகு டேனுடைய மாதிரிக் கண்ணாடி. குனிந்தவர் நிமிரவே இல்லை. "மூக்கைத் துடைக்கிறான்" என்றார். "கையுறையைக் கழட்டிட்டு மூக்கைத் துடைக்கிறான். நாய்கிட்ட ஏதோ சொல்றான்." குரல் மாறிவிட்டிருந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். டேன் திரும்பி வந்த வருடம் ஒருநாள் சமையலறையில், தான் அங்கே சுட்ட ஒருவனைப் பற்றித் தன் அப்பாவிடம் சொன்னான். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்பா, அவன் டீ குடிச்சுக்கிட்டிருந்தான். பக்கத்துல இருந்த கெழவன்கிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சான். பல்லு தெரிஞ்சுதுப்பா" என்றான். ஆர்லோ எழுந்து, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆர்லோவுக்கு அவன் சொன்னது புரியவில்லை, ரஃபா. இரக்கம் இல்லாமல் அவர் எழுந்து போகவில்லை. அவர் தன் போரை வைத்துப் பிள்ளையின் போரை நினைத்திருந்தார். சிரிப்பு தெரியும் தூரம் அவருக்குத் தெரியாது. அந்தத் தூரத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை மாதமாக மரமா பச்சையா என்று தவித்திருக்கிறார். மகனின் கைக்குச் செய்த ஒன்றின் பின்னால் மகன் மாதிரிப் படுத்து, மகன் பார்த்ததைப் பார்க்க நினைத்திருக்கிறார்.

மிர்னா இதெல்லாம் தெரியாமல், நல்லெண்ணத்தில், மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து முக்காலியில் நிறுத்தினாள். குட்டையாக, தடியாக ஒரு தொலைநோக்கி. "சுடறவனுக்குக் கிடைக்கறது அது. பக்கத்துல படுத்து, காத்து பாத்து, பட்டுதா இல்லையான்னு சொல்றவன் இதுலதான் பாப்பான். இது அதைவிடப் பல மடங்கு பெருசாக் காட்டும்" என்றாள்.

ஆர்லோ அதில் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. நிமிர்ந்து, எனக்கு இடம் விட்டு விலகினார். பிறகு நானும் பார்த்தேன். ஃபென்டனின் காதுமடல் குளிரில் சிவந்திருந்தது தெரிந்தது. அவர் விடும் மூச்சு வெள்ளையாகப் போவது தெரிந்தது.

வீடுவரை ஆர்லோவே ஓட்டினார். வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, இறங்காமல் இருந்தார். "சுட்டதும் டேனோட கண்ணாடி குதிச்சிருக்கும் வெர்னா. ஒரு நொடி ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அந்தப் பையனுக்கு அதுகூட இல்லை. அவன் கண்ணாடி அசையவே அசையாது. எல்லாத்தையும் அவன்தான் பாத்திருக்கான். நாம அவனை ஒரு வார்த்தை கேக்கலியே" என்றார்.

அந்தப் பையன் நீ.

உடனே உனக்குத் தொலைபேசி செய்தோம். வழக்கம்போல மணி அடித்தது. இன்று காலை உன் பார்சல் வந்தது.

டேனின் கம்பளித் தொப்பி உள்ளே இருந்தது. அது அவன் பொருள், எங்களுக்கு வந்தது சரி. ஆனால் உன் பதக்கத்தை எங்களுக்கு ஏன் அனுப்பினாய், ரஃபா? உன் அப்பாவின் கைக்கடிகாரத்தை ஏன் அனுப்பினாய்? 'உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்' என்று ஏன் எழுதினாய்?

டேன் போவதற்குச் சில நாள் முன்பு தன் சேணத்தை ஃபென்டனின் மகளுக்குக் கொடுத்தான். மீன்பிடித் தூண்டில்களை இன்னொருவருக்கு. தாராள மனசு என்று எல்லோரும் மெச்சினோம். அதனால் உன் கடிகாரத்தை மேசைமேல் பார்த்ததும் ஆர்லோ உட்காரவில்லை. நேராகப் போய்க் கோட்டை மாட்டினார்.

உன் அக்கா ஒட்டிலியாவின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். கலிஃபோர்னியாவில் பச்சைக் குழந்தையோடு இருக்கிறாள். அழுதாள். அவளும் அழைத்து அழைத்துப் பார்த்திருக்கிறாள். உன் ஊர்க் காவலரிடம் சொன்னோம். அவர் வந்து கதவைத் தட்டியதாகவும், நன்றாக இருக்கிறேன் என்று நீ சொன்னதாகவும், மரியாதையாகப் பேசியதாகவும் சொன்னார். டேனும் மரியாதையாகத்தான் பேசினான்.

வழியில், வயோமிங்கில் பனிப்புயல் என்று வானொலி சொல்கிறது. இந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் போக வேண்டாம், விமானத்தில் போங்கள் என்றேன். "விமானத்துல போனா அவனைக் கூட்டிட்டு வர வண்டி வேணாமா?" என்கிறார். அவர் லாரியைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார். நான் அவசரமாக எழுதுகிறேன்.

அவர் உனக்கு அறிவுரை சொல்ல வரவில்லை. அவருக்குச் சொல்லவும் தெரியாது. நீ பார்த்ததைக் கேட்க வருகிறார். தான் பார்த்ததையும் சொல்வார் என்று நினைக்கிறேன். என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வீட்டில் துப்பாக்கி ஏதாவது தோட்டா போட்டு வைத்திருந்தால் அவரிடம் கொடுத்துவிடு. எந்த மாதிரி, எந்தக் குழல் என்றெல்லாம் கேட்க மாட்டார்.

கதவைத் திற, ரஃபா. வேறு எதுவும் செய்ய வேண்டாம். திற.

வெர்னா


லூயிஸ்டவுன்
மார்ச் 22, 2015

அன்புள்ள ரஃபா,

மருத்துவமனையில் உன் வார்டு எண்ணை ஆர்லோ சொன்னார். கடிதம் கொடுப்பார்களாம், பிரித்துப் பார்த்துவிட்டு. பார்க்கட்டும். மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

நீ கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது என்று அவர் சொன்னார். "போங்க சார், போயிருங்க" என்று உள்ளேயிருந்து சொன்னாயாம். அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாராம். "நான் போறேன்டா, ஆனா என் முழங்கால் வர மாட்டேங்குது. காபி இருந்தாக் குடு" என்றாராம். அந்த மனிதர் முழங்காலை ஒப்புக்கொண்டது அன்றுதான். அப்போதும் நீ திறக்கவில்லை. பிறகு அவர் கதவைப் பார்த்தே பேசினாராம். என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை. நீ அவரிடம் என்ன சொன்னாய் என்பதையும் சொல்லவில்லை. "பேசினோம்" என்றார். தொலைபேசியில் அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

உன் துப்பாக்கியைப் பிரித்து, கலிஃபோர்னியாவிலிருந்து வந்த உன் அக்காவின் கணவரிடம் கொடுத்தாயிற்று. நீயே எடுத்துக் கொடுத்தாய் என்று ஆர்லோ அழுத்திச் சொன்னார். நீயே லாரியில் ஏறி, ஆல்புகெர்க்கி மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொன்னாய் என்றும் சொன்னார். அதை நான் பலமுறை எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

உனக்கு அங்கே பிடிக்கவில்லை, மருந்து நாக்கை மரக்கட்டையாக்குகிறது, தூக்கத்தில் அந்தக் கண்ணாடி இன்னும் அசையாமல் நிற்கிறது என்று கேள்விப்பட்டேன். எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு எழுத மாட்டேன். எனக்கே சரியாகவில்லை. நேற்றுகூட ஒரு கன்று பின்பக்கமாக வந்து மாட்டிக்கொண்டது. ஃபென்டனும் நானும் சங்கிலி போட்டு இழுத்தோம். தாய் பிழைத்தது, கன்று இல்லை. அதை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போக வேண்டியிருந்தது. போனேன். திரும்பி வந்தேன். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போனேன். அவ்வளவுதான் செய்ய முடிகிறது.

மிர்னா வந்திருந்தாள். துப்பாக்கிக்கு என்ன முடிவு என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஆர்லோவுக்கு அழைத்துக் கொடுத்தேன். எந்த மாதிரியும் வேண்டாம் என்றார். இடதுகை போல்ட்டை என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, "இடதுகைக்காரப் பசங்க ஊர்ல எவ்வளவோ பேர் இருக்காங்க மிர்னா. மான் சுடட்டும். எல்க் சுடட்டும்" என்றார். போனை வைத்த பிறகு அந்தப் பெரிய வாய்க்காரி என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

ஆர்லோ இப்போதைக்குத் திரும்பி வர மாட்டார். விடுதி அறையில் தங்கி, பார்வை நேரத்துக்கு வருவார். நீ பேசாவிட்டால் அவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார், அதில் அவர் கெட்டிக்காரர். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாலும் தப்பாக நினைக்க மாட்டார். கன்று ஈனும் காலத்தில் பண்ணையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நீ குற்றவுணர்ச்சி கொள்ளாதே. நான்தான் இருக்கச் சொன்னேன். ஃபென்டன் உதவுகிறார். அவர் மகளும் வருகிறாள்.

உன் கடிகாரம் என்னிடம் இருக்கிறது. தினமும் சாவி கொடுக்கிறேன். பதக்கத்தைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், அது உனக்கு வேண்டாமென்றால் எனக்கும் வேண்டாம். இரண்டையும் தபாலில் அனுப்ப மாட்டேன். நீயே வந்து வாங்கிக்கொள்.

உன்னிடம் பெரிதாக எதையும் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நான் உன் தாய் இல்லை. உன்னைப் பெற்றவள் இருந்திருந்தால் இன்னும் நன்றாகக் கேட்டிருப்பாள். எனக்குத் தெரிந்த அளவில் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலையில் செவிலி வந்து திரையை விலக்கி உன் பெயரைக் கேட்கும்போது, பதில் சொல். ரஃபேல் என்று சொல். அது போதும்.

நாளை மறுநாளைக்கும் இதையேதான் கேட்பேன்.

வெர்னா